அரை ஏடிபியை எப்படி விளக்குவது?

பதினொன்றாம் வகுப்புக்குச் செல் சுவாசம் நடத்தும் நண்பர்களிடம் ஓர் உதவி. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் 38 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) கிடைக்கும் என்று நாம் படித்தோம். இப்போது 30 அல்லது 32 என்கிறார்கள். காரணம் தெரியும்: ஒரு என்ஏடிஹெச் (எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் மூலக்கூறு) தரும் எலக்ட்ரான்களால் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டி 10 புரோட்டான்கள் வெளியேறுகின்றன, ஓர் ஏடிபிக்கு ஏறக்குறைய 4 புரோட்டான்கள் உள்ளே திரும்ப வேண்டும். ஆக, ஒரு என்ஏடிஹெச்சுக்கு 2.5 ஏடிபி. பழைய கணக்கில் அது 3.

ஆனால், “பாதி மூலக்கூறு எப்படி உருவாகும்?” என்கிறாள் ஒரு மாணவி. சராசரி என்று சொன்னால் ஏற்க மறுக்கிறாள், நியாயமான பிடிவாதம்தான்! ஏடிபியை உருவாக்கும் நொதியான ஏடிபி சிந்தேஸ் சுழல்வதைக் காட்டும் தமிழ்க் காணொளியோ, அட்டையில் செய்யக்கூடிய மாதிரியோ யாரிடமாவது இருக்கிறதா? சைட்டோபிளாசத்தில் உருவாகும் என்ஏடிஹெச்சின் எலக்ட்ரான்கள் உள்ளே நுழையும் வழியைப் பொறுத்து 30, 32 என மாறுவதையும் அது காட்டினால் இன்னும் நல்லது. பாடம் அடுத்த வாரம்.