வி-கிராஸுக்குப் பெரிய ஏடி டயர்: எந்த சைஸ் போடலாம்? (கொஞ்சம் அவசரம்)

தாண்டிக்குடி_காப்பி
வணக்கம். என் இசுஸு வி-கிராஸ் பிக்கப்புக்கு இப்போது இருப்பதைவிடப் பெரிய ஏடி (தார், மண் இரண்டுக்குமான ஆல் டெரெயின்) டயர் போட வேண்டும். மழை பெய்தால் எஸ்டேட் ஏற்றத்தில் வண்டி ஏறவே மாட்டேன் என்கிறது. நாளை மறுநாள் மதுரை போகிறேன், அன்றைக்கே மாற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். எந்த சைஸ், எந்த கம்பெனி நல்லது? வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட வேண்டி வருமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

போடிமெட்டு
எந்த வருஷ வண்டி? ரிம் 16 இன்ச்சா, 18 இன்ச்சா? அது தெரியாமல் யாரும் சைஸ் சொல்ல முடியாது.

மண்ரோடு
பிஎஃப் குட்ரிச் கம்பெனியின் கேஓ2 ஏடி டயர் போடுங்கள் அண்ணா. வேறு எதையும் யோசிக்காதீர்கள். பக்கவாட்டில் கல் குத்தினாலும் தாங்கும். நான் ஓட்டும் வண்டியில் அதுதான் இருக்கிறது.

பழைய_டீசல்
இந்தக் கேள்வி இங்கே ஏற்கெனவே பல முறை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை முதலில் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 245/70 ஆர்16 111எஸ் என்றால் அகலம் 245 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம் 16 இன்ச், ஒரு டயர் தாங்கும் எடை 1090 கிலோ, வேகம் 180 கி.மீ. வரை. இது தெரிந்தால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

தாண்டிக்குடி_காப்பி
மன்னிக்கவும் சார். 2017 மாடல், 16 இன்ச் ரிம். நீங்கள் சொன்ன அதே 245/70தான் இருக்கிறது. பட்டிவீரன்பட்டியிலிருந்து மேலே ஏறி, தார் ரோட்டை விட்டு எஸ்டேட் உள்ளே மண் பாதை. கடைசிக் கொஞ்ச தூரம் நல்ல ஏற்றம். அங்கேதான் பிரச்சனை.

போடிமெட்டு
சரி, இப்போது பேசலாம். 2.5 லிட்டர், 5 கியர் வண்டி. இதற்கு மூன்று சைஸ்தான் பேச்சு. உயரக் கணக்கை எழுதுகிறேன்.

இப்போதுள்ள 245/70 ஆர்16 மொத்த உயரம் 749 மி.மீ.
265/70 ஆர்16 போட்டால் 777 மி.மீ.
265/75 ஆர்16 போட்டால் 804 மி.மீ.

உயரம் 28 மி.மீ. கூடினால் அச்சுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, 14 மி.மீ. மட்டும்தான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 265/70 பெரும்பாலும் லிஃப்ட் இல்லாமலே உட்காரும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது முன்பக்க மட்ஃப்ளாப்பில் உரசுகிறதா என்று மட்டும் கடையிலேயே பாருங்கள். இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள். 265/75 போனால் லிஃப்ட், உள் ஃபெண்டர் வெட்டுவது என்று வேலை இழுக்கும். எஸ்டேட் வண்டிக்கு அது வேண்டாம்.

ரிம் அகலத்தையும் பாருங்கள். 265/70க்கு 7 முதல் 9 இன்ச் வரை அகலமுள்ள ரிம் வேண்டும்.

சேறுதான்_வாழ்க்கை
எல்லாரும் அகலத்தைக் கூட்டச் சொல்கிறீர்கள். சேற்றில் அகலம் எதிரி. ஒல்லியான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். 245/75 ஆர்16 போடுங்கள். உயரம் 774 மி.மீ. வரும், ஏறக்குறைய 265/70 அளவே, அகலம் கூடாது. மலைப் பாதைக்கு இதுதான் சரி.

மண்ரோடு
அடியில் கெட்டித் தரை இருந்தால்தானே? முழங்கால் அளவு களிமண்ணில் ஒல்லி டயர் இறங்கிக்கொண்டே போகும். அப்புறம் சேஸிஸ் தட்டி உட்கார்ந்துவிடும்.

சேறுதான்_வாழ்க்கை
எஸ்டேட் பாதையில் முழங்கால் அளவு களிமண் எங்கே இருக்கிறது? மேலே நாலு விரல் வழவழப்பு, அடியில் சரளையும் பாறையும். பழனி மலைப் பக்கம் போய்ப் பாருங்கள்.

மதுரை_வீல்
245/75 ஆர்16 நல்ல சைஸ்தான், ஆனால் நம் ஊரில் கடைக் கடையாக அலைய வேண்டும். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு வழக்கமில்லாத சைஸ்கள் கிடைப்பது குதிரைக் கொம்பு. அப்படியே கிடைத்தாலும் நாளைக்கு ஒன்று கிழிந்தால் ஒற்றை டயர் எங்கே தேடுவார்? 265/70 ஆர்16 என்றால் மாற்று கிடைக்கும். போவதற்கு முன்னால் கடைக்கு போன் செய்து நாலு டயரும் ஒரே வருஷத் தயாரிப்பாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். ஒரு கடையில் எனக்குப் புதுசு என்று கொடுத்த டயரில் இரண்டு, தேதிப்படி மூன்று வருஷம் பழசு. கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

வால்பாறை_வளைவு
டயர் மாற்றும் முன் ஒரு விஷயம். ஏற்றத்தில் வழுக்கும்போது பின்னால் லோடு இருக்கிறதா, காலியா?

தாண்டிக்குடி_காப்பி
காலிதான். இறங்கும்போது காப்பி மூட்டை நாலு இருக்கும். மேலே போகும்போது ஒன்றும் இருக்காது.

வால்பாறை_வளைவு
நினைத்தேன். பிக்கப்பில் காலியாகப் போனால் பின்பக்கம் எடையே இல்லை. கமான் பட்டை லோடுக்காக விறைப்பாகச் செய்தது. கல்லில் ஏறினால் பின்சக்கரம் துள்ளும், துள்ளினால் பிடிப்பு போகும். பின்னால் இரண்டு மூட்டை மணல் போட்டுக் கட்டிவிட்டு ஏறிப் பாருங்கள். அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், கதவோரம் வேண்டாம். பாதிப் பிரச்சனை போய்விடும். டயர் செலவே மிச்சமாகலாம்.

மண்ரோடு
மணல் மூட்டையைத் தினமும் ஏற்றி இறக்க ஆள் யார்? ஒரு முறை கேஓ2 போட்டால் வேலை முடிந்தது.

போடிமெட்டு
கேஓ2 டயரில் எல்டி (லைட் டிரக்) வகை என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் “10 ப்ளை” என்பார். உள்ளே பத்து அடுக்கு இருப்பதாக அர்த்தமில்லை, பழைய காலத்துப் பத்து அடுக்கு டயருக்குச் சமமான பலம் என்பதுதான் கணக்கு. லோடு ரேஞ்ச் ஈ டயர், 80 பிஎஸ்ஐ வரை தாங்கும்படி செய்தது. எடை கூட, பக்கச்சுவர் விறைப்பு. காலி வண்டியில் இன்னும் குலுக்கும். அதே எடையைத் தாங்க சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றும் கேட்கும். தினமும் கூர்ங்கல்லில் போகிறவருக்கு அது சரி. இவருக்கு 112 எடைக் குறியீடு உள்ள சாதாரண எஸ்யூவி வகை ஏடியே போதும், ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். கம்பெனி டயரைவிடக் குறையாது, அதுதான் முக்கியம்.

டர்போ_தம்பி
பெரிய டயர் போட்டால் மைலேஜ் அடி வாங்கும், யாரும் சொல்லவில்லையே. எனக்கு 265/70 போட்டதும் லிட்டருக்கு ஒன்றரை கி.மீ. விழுந்துவிட்டது.

பழைய_டீசல்
விழுந்தது மைலேஜா, உங்கள் கணக்கா? மீட்டருக்கு டயர் மாறியது தெரியாது. 749-இலிருந்து 777 என்றால் 3.7 சதவீதம் வித்தியாசம். மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது வண்டி ஓடியிருப்பது 103.7. அதைச் சேர்க்காமல் டீசலால் வகுத்தால் குறைவாகத்தான் வரும். அடிப்படைக் கணக்கு, தம்பி.

டர்போ_தம்பி
கணக்கு எனக்கும் தெரியும் சார். 12 கொடுத்த வண்டிக்கு 3.7 சதவீதம் என்றால் அரை கி.மீ.கூட இல்லை. மீதி ஒரு கி.மீ. எங்கே போனது?

போடிமெட்டு
தம்பி சொல்வது சரி. மீதி, பட்டன் (டயர் மேற்பரப்பின் கட்டைகள்) ஆழத்திலும் டயர் எடையிலும் போகிறது. ஏடி பட்டன் உருளும்போது கூடுதல் சக்தி தின்னும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த ஒன்றரை. மீட்டர் விஷயத்தில் ஒரு நன்மையும் உண்டு. கம்பெனி மீட்டர்கள் வேகத்தைச் சற்றுக் கூட்டியே காட்டும்; 265/70 போட்டால் கிட்டத்தட்ட உண்மை வேகத்துக்கு வந்துவிடும். 265/75 போட்டால் வித்தியாசம் 7 சதவீதத்தைத் தாண்டும், அப்போது உண்மையைவிடக் குறைவாகக் காட்ட ஆரம்பிக்கலாம்.

வால்பாறை_வளைவு
மைலேஜைவிட இறக்கம் எனக்குக் கவலை. டயர் உயரம் கூடினால் கியர் விகிதம் நீண்டுபோன மாதிரி ஆகும். ஏற்றத்தில் 320 நியூட்டன் மீட்டர் இழுவை, சக்கரத்தில் 308 போலத்தான் வேலை செய்யும். இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பும் அதே அளவு குறையும். மூட்டையோடு வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது முன்பு மூன்றாவது கியரில் பிடித்த வளைவை இரண்டாவதில் பிடிக்க வேண்டி வரலாம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள்.

சட்டம்_தெரிந்தவன்
யாரும் சட்டத்தைப் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்திருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் டயரைத்தான் பார்ப்பார்.

மண்ரோடு
டயர் தேய்ந்தால் மாற்றும் பொருள். அது எப்படி வண்டி மாற்றம் ஆகும்? அப்படிப் பார்த்தால் மலையில் ஓடும் பாதி ஜீப்புகளை நிறுத்த வேண்டும்.

சட்டம்_தெரிந்தவன்
நிறுத்தவில்லை என்பதால் சரி என்று ஆகாது. ஃபெண்டருக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்.

மண்ரோடு
265 போட்டால் வெளியே நீட்டாது. சக்கரத்தை வெளியே தள்ள ஸ்பேசர் போடுகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். இவரிடம் ஏன்?

இழை_பொறுப்பாளர்
நண்பர்களே, சட்டத்துக்கு வேறு இழை தொடங்குங்கள். கேட்டவருக்கு நாளை மறுநாள் மதுரை போக வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது என்பதோடு இதை இங்கே நிறுத்திக்கொள்வோம்.

மதுரை_வீல்
தாண்டிக்குடி அண்ணா, இன்னும் மூன்று விவரம் வேண்டும். இப்போதுள்ள டயர் எத்தனை கி.மீ. ஓடியது? காற்று எவ்வளவு வைக்கிறீர்கள்? பக்கச்சுவரில் டிஓடி என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசி நாலு எண் என்ன? டார்ச் அடித்துப் பாருங்கள், சில டயரில் உள்பக்கம் இருக்கும்.

தாண்டிக்குடி_காப்பி
வண்டியோடு வந்த டயர்தான். 60 ஆயிரத்துக்கு மேல் ஓடியிருக்கும். பட்டன் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. காற்று எப்போதும் 40. நம்பர் 1217.

மதுரை_வீல்
1217 என்றால் 2017இன் 12ஆம் வாரம். பட்டன் இருக்கிறது என்று ஏமாறாதீர்கள் அண்ணா, ரப்பர் இறுகிப் போயிருக்கும். பட்டனை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழவே விழாது. பட்டன் இடுக்குகளில் மெல்லிய வெடிப்பு தெரியும். ஈரத் தார் ரோட்டிலேயே அது பிடிக்காது, வழுவழுத்த மண்ணில் எப்படிப் பிடிக்கும்? சைஸ் எதுவானாலும் இந்த டயரை முதலில் கழற்றுங்கள். அதே 245/70இல் புது ஏடி போட்டாலே உங்களுக்கு வண்டி மாறின மாதிரி இருக்கும்.

சேறுதான்_வாழ்க்கை
அதோடு காலி வண்டிக்கு 40 காற்று! டயர் உருண்டையாக நடுவில் மட்டும் தரையைத் தொடும். டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையைப் பாருங்கள், காலிக்கு ஒரு அளவும் லோடுக்கு ஒரு அளவும் போட்டிருக்கும். மண் பாதை தொடங்கும் இடத்தில் 25 வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து பிடிக்கும். தார் ரோட்டுக்கு வரும் முன் திரும்ப ஏற்றிவிட வேண்டும், இதை மறக்கவே கூடாது. பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பு ஒன்று சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டு
அண்ணா, ஒரே ஒரு கேள்வி. அந்த ஏற்றத்தில் நாலு சக்கரமும் இழுக்கும்படி 4×4 திருகுகிறீர்களா?

தாண்டிக்குடி_காப்பி
இல்லை. டீசல் அதிகம் குடிக்கும், கியர்பாக்ஸ் போய்விடும் என்று டிரைவர் சொன்னார். அதனால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் 2எச்சிலேயேதான் ஓடுகிறது.

பழைய_டீசல்
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேருடைய நேரம் மிச்சமாகியிருக்கும்.

போடிமெட்டு
கேட்டால்தான் தெரியும் சார், விடுங்கள்.

அண்ணா, உங்கள் டிரைவர் சொன்னது காய்ந்த தார் ரோட்டுக்கு உண்மை. இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை விழுங்கும் அமைப்பு கிடையாது. காய்ந்த ரோட்டில் வளைவில் திரும்பினால் உள்ளே முறுக்கிக்கொள்ளும். ஈர மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த முறுக்கைத் தளர்த்திவிடும், அதனால் சேதமில்லை. மண் பாதை தொடங்கியதும் 4எச் (நாலு சக்கர இழுவை, வழக்கமான கியர் விகிதம்), அந்தக் கடைசி ஏற்றத்துக்கு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு). மெதுவாக, ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஏறுங்கள். காலி பிக்கப்பில் எடை முன்னால்தான் இருக்கிறது, அந்த முன்சக்கரத்தை நீங்கள் உபயோகிக்கவே இல்லை.

ஸ்டெப்னியும் இதில் சேரும். நாலு டயர் 265/70, ஸ்டெப்னி பழைய 245 என்றால், அதை மாட்டியபடி 4×4 போடக் கூடாது. ஐந்தும் ஒரே சைஸாக வாங்குங்கள். அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் பெரிய டயர் நுழைகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

வால்பாறை_வளைவு
சேற்றுக்கான மட் டெரெயின் டயர் போடச் சொல்லிக் கடையில் வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். பாதித் தூரம் ஈரத் தார் ரோட்டில் கொண்டை ஊசி வளைவு, அங்கே பிரேக் பிடிக்கும்போது ஏடிதான் நல்லது.

தாண்டிக்குடி_காப்பி
எல்லாருக்கும் நன்றி. 265/70 ஏடி நாலு போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன், உரசவில்லை. அலைன்மென்ட்டும் ஆயிற்று. நேற்று மழையில் 4எல்லில் நிற்காமல் ஏறிவிட்டது.

மதுரை_வீல்
மகிழ்ச்சி அண்ணா. ஸ்டெப்னி?

சேறுதான்_வாழ்க்கை
ஏறும்போது காற்று எவ்வளவு வைத்தீர்கள்? மண் பட்டன் இடுக்கில் அடைத்துக்கொண்டதா, தானாக உதிர்ந்ததா? எந்த கம்பெனி என்றும் எழுதுங்கள்.

டர்போ_தம்பி
மைலேஜும் சொல்லுங்கள் அண்ணா. 3.7 சதவீதத்தைச் சேர்த்து.