இன்ஸ்டாவில் கட்டற்ற மென்பொருள்: மாணவர்களிடம் எப்படிக் கொண்டுபோவது?

தேவகோட்டை_கவின்

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்லூரியில் படிக்கிற நாங்கள் சில பேர் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்காக ஒரு இன்ஸ்டா பக்கமும் வாட்ஸ்அப் சேனலும் நடத்துகிறோம். 1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தது, நான்கு சுதந்திரங்கள் (எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம்), 1991-ல் விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் வந்தது என்று எல்லாவற்றையும் போஸ்டராகப் போட்டாச்சு. லைக் போடுகிறவர்கள் யாரென்று பார்த்தால் ஏற்கெனவே லினக்ஸ் வைத்திருப்பவர்கள்தான். வகுப்பில் மற்றவர்கள் இன்னும் கிராக் செய்த போட்டோஷாப்பைப் பென்டிரைவில் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதோடு வைரஸும் ஊர் சுற்றுகிறது. பலர் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர்கள், கையில் பழைய அரசு லேப்டாப், இல்லையென்றால் போன் மட்டும். விளம்பரத்துக்குச் செலவழிக்கப் பணம் இல்லை. இவர்களுக்கு என்ன போட்டால் நின்று பார்ப்பார்கள்?

ஆத்தங்குடி_மீனா

தம்பி, வரலாற்றைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். மென்பொருளைப் பற்றிப் பேசாமல், அதில் செய்த வேலையைக் காட்டுங்கள். நம்ம ஊரில் எந்த வீட்டுக்குள் போனாலும் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்தான் தரையில் கிடக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு சதுரம் போட்டு, அதன் ஒரு மூலையில் கால் பூ மட்டும் வரையுங்கள். எடிட் மெனுவில் குளோன், அதற்குள் கிரியேட் டைல்டு குளோன்ஸ். சிமெட்ரியில் 90 டிகிரி சுழற்சியைத் தேர்ந்தெடுத்து, வரிசையும் பத்தியும் எத்தனை என்று கொடுத்தால் நாலு கல் கூடுகிற இடத்தில் முழுப் பூ விரிந்து, ஒரு வளவுத் தரையே திரையில் வந்துவிடும். அப்புறம் முதலில் வரைந்த அந்த ஒரு கல்லில் மட்டும் சிவப்பைப் பச்சையாக்குங்கள், தரை முழுக்க மாறும். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் “இது என்ன ஆப்?” என்று கேட்பார்கள். பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

ஓபிஎஸ் மென்பொருளில் திரையைப் பதிவு செய்து, கேடென்லைவ் என்ற வீடியோ எடிட்டரில் வெட்டுங்கள், நிமிர்ந்த வீடியோவாக, அரை நிமிடத்துக்குள். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் அதிகம், அதனால் தமிழில் பெரிய எழுத்தாக வரி கட்டாயம் வேண்டும். முக்கியமானது, வரைந்த அந்தப் படத்தின் எஸ்விஜி கோப்பையும் இறக்கிக்கொள்ளக் கொடுத்துவிடுங்கள். அதைத் திறந்து, மாற்றி, இன்னொருவருக்கு அனுப்புகிறவனுக்கு நான்கு சுதந்திரங்களைத் தனியாகப் போஸ்டர் போட்டு விளக்க வேண்டியதில்லை.

பள்ளத்தூர்_அருண்

மீனா அக்கா சொல்வது சரி, ஆனால் ரீலை ஆயிரம் பேர் பார்த்தாலும் இன்ஸ்டால் செய்கிறவன் வேறு. அவனுக்குத் தேவை வருகிற நேரத்தில் அவன் கண்ணில் பட வேண்டும். இறுதியாண்டுக்காரர்கள் புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு மல்லுக்கட்டும் மாதங்களைக் குறிவையுங்கள். பொருளடக்கத்தைக் கையால் தட்டி, நடுவில் ஒரு பக்கம் கூடினால் எல்லா எண்ணையும் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேர்டு மாதிரியான லிப்ரெஆபிஸ் ரைட்டரில் தலைப்புகளுக்கு ஹெட்டிங் ஸ்டைல் கொடுத்து, பொருளடக்கத்தைத் தானாக வரவைத்து, ஒரு சொடுக்கில் புதுப்பிப்பதைக் காட்டுங்கள். கடையில் பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து கட்டம் கட்டமாக வந்து நிற்பதும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய வேதனைதான், யூனிகோடில் தட்டிப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம்.

இன்னொன்று, எடுத்ததும் லினக்ஸுக்கு மாறு என்று சொல்லாதீர்கள். லிப்ரெஆபிஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் எல்லாமே விண்டோஸிலும் ஓடும். முதலில் அது பழகட்டும். லினக்ஸ் பேச நல்ல நேரமும் இதுதான்: விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது, 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், பழைய அரசு லேப்டாப்புகள் அதற்குத் தேறாது. அவற்றில் பலவற்றில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்ததை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்? ஹார்டு டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டை ஓட்டிக் காட்டுங்கள். இருக்கிற பாடம், படம் எல்லாம் அழிந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிய தடை, அதை நேரில் உட்கார்ந்துதான் போக்க முடியும். அதனால் ஒவ்வொரு பதிவின் அடியிலும் எந்தக் கிழமை, எங்கே வந்தால் பார்க்கலாம் என்று ஒரு வரி இருக்கட்டும்.

கானாடுகாத்தான்_ஆசிரியர்

போன் மட்டும் வைத்திருக்கிற மாணவர்களை இருவருமே விட்டுவிட்டீர்கள். அவர்களுக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு ஆப்பைக் கொடுங்கள். தெருவில் நடக்கும்போது இந்தச் சாலை தாரா மண்ணா, இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்கும், பதிலைத் தட்டினால், யாரும் திருத்தக்கூடிய கட்டற்ற வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறிவிடும். நம் பக்கம் ஊருக்கு ஊர் ஊருணி இருக்கிறது. தன் ஊர் ஊருணிக்கு வரைபடத்தில் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே அவர்களையே சேர்க்கச் சொல்லுங்கள். சேர்ப்பதற்கு முன்பு ஒரு ஸ்கிரீன்ஷாட், சேர்த்த பின்பு ஒரு ஸ்கிரீன்ஷாட், அதை அந்தப் பிள்ளையே தன் ஸ்டேட்டஸில் வைத்தால் அந்த ஊர் முழுக்கப் பார்க்கும். உங்கள் பக்கத்துக்கு அந்த ஆட்கள் வந்துசேர மாட்டார்கள்.

கமெண்டில் யாராவது சந்தேகம் கேட்டால் அன்றைக்கே தமிழில் பதில் சொல்லுங்கள். “கூகுள் பண்ணு” என்று ஒருவன் சொன்னால் கேட்டவன் திரும்ப வரமாட்டான். விரிவாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குக் கணியம் தளத்தைக் காட்டலாம், 2012-லிருந்து தமிழில் இதையே எழுதிவருகிறார்கள்.

தேவகோட்டை_கவின்

நன்றி அக்கா, அண்ணே, ஐயா. முதல் ரீல் கல்தான், அடுத்தது ஊருணி. ரிப்போர்ட் வீடியோவைச் செமஸ்டர் தொடங்கியதும் போடுகிறோம். ஒரு சந்தேகம், மூடிய தளமான இன்ஸ்டாவில் இதைச் செய்யலாமா என்று எங்கள் குழுவிலேயே ஒருவன் சண்டை போடுகிறான்.

ஆத்தங்குடி_மீனா

அவன் கேள்வி நியாயமானதுதான், அவனை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் இன்ஸ்டாவில் இருக்கும்வரை அங்கே போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் ஒவ்வொரு வீடியோவும் கட்டற்ற தளங்களான பியர்டியூபிலும் (யூடியூப் மாதிரி) மாஸ்டடானிலும் (ட்விட்டர் மாதிரி) ஒரு பிரதி இருக்கட்டும், அந்தப் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். என் எஸ்விஜி கோப்பை இன்று ராத்திரி இங்கே ஏற்றுகிறேன், சிசி பை-எஸ்ஏ உரிமத்தில், அதாவது பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் மாற்றிப் பகிரலாம்.