முன்செறிவாக்கமா, முன்திரட்டலா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

காற்றில் மிகக் குறைவாக உள்ள பொருளை அளப்பதற்கு முன் ஒன்றுசேர்க்கும் பிரீகான்சன்ட்ரேஷன் (preconcentration) என்ற வேலைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இதுவரை வந்த சொற்களில் 'செறிவூட்டல்' வேண்டாம் என்பேன். யுரேனியத்துக்கு அது நிலைத்துவிட்டது. 'முன்செறிவாக்கம்' நல்ல சொல்தான், ஆனால் துருவக் காற்று ஆய்வை அதை வைத்து எழுதிப் பார்த்தால் சிக்கல் தெரிகிறது.

அண்டார்க்டிக் நிலையங்களில் எஃகுக் கலனில் பிடிக்கும் காற்றில் ஈத்தேன், லட்சம் கோடி மூலக்கூறுகளுக்குச் சில நூறுதான். ஒரு மில்லிலிட்டரை வாயுக் கலவையைத் தனித்தனியாகப் பிரிக்கும் வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் (gas chromatograph) நேரே செலுத்தினால், பிரிந்து வருவதைச் சுடரில் எரித்து அளக்கும் சுடர் அயனியாக்க உணரிக்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே ஒரு லிட்டர் அளவுக்குக் காற்றை எடுத்து, ஈரத்தை முதலில் நீக்கி (இல்லாவிட்டால் பனி அடைத்துக்கொள்ளும்), குளிரூட்டிய மெல்லிய குழாய் வழியே மெதுவாக விடுகிறார்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் கடந்து போய்விடும். ஈத்தேன், புரொப்பேன், பென்சீன் தங்கிவிடும். குழாயைத் திரவ நைட்ரஜனிலேயே அமிழ்த்தினால் வம்பு: அதன் வெப்பநிலை −196 டிகிரி, ஆக்சிஜனோ −183லேயே திரவமாகிவிடும். குழாயை −183க்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். பிறகு குழாயைச் சட்டென்று சூடாக்கினால் தங்கியதெல்லாம் ஒரே வீச்சில் நிறப்பிரிகைக் கருவியின் பிரிகைக்குழாய்க்குள் (column) போகும்.

ஆக, நடப்பது திரட்டும் வேலை. காற்றில் இருந்த செறிவைத்தான் கடைசியில் கணக்கிடுகிறோம். நடுவில் வரும் ஒரு கட்டத்துக்கும் அதே பெயரை வைத்தால், "முன்செறிவாக்கத்துக்குப் பின் கண்ட செறிவு" என்று படிக்கும் மாணவர் எந்தச் செறிவு என்று திணறுவார். 'முன்திரட்டல்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. கிளைச்சொற்களும் இயல்பாக வருகின்றன: அந்தக் குழாய் 'குளிர்திரட்டி', அதன் வழியே விட்ட காற்று 'திரட்டு பருமன்'. குழாய்க்குப் 'பொறி' (trap) என்ற பரிந்துரையை ஏற்க மனம் வரவில்லை. சுடர் உணரி வரும் பத்தியில் அதைத் தீப்பொறி என்றுதான் படிப்போம்.

அடுத்து பிளாங்க் (blank), அதாவது மாதிரி இல்லாமல் செய்து பார்க்கும் சோதனை. இங்கே இரண்டு வகை உண்டு. தூய ஹீலியத்தை மட்டும் அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பது ஒன்று. அதில் உணரியின் வரைபடத்தில் சிகரம் (peak) எழுந்தால் அது கருவி தந்த கறை. இதற்கு 'வெற்றோட்டம்' என்கிறேன். மாதிரிகள் கப்பலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கையில் ஈத்தீன் போன்றவை கலனுக்குள்ளேயே கூடிவிடக்கூடும்; அதைச் சோதிக்கத் தூய வாயு நிரப்பி உடன் வைக்கும் கலன் இன்னொன்று. 'வெற்றுக்கலன்' என்றால் காலிக்கலன் என்று பொருள்படுமோ? இதற்கு மட்டும் எனக்கு மனநிறைவான சொல் அமையவில்லை. கருவியோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.