மங்கிய டாரட் அட்டை: ஓவியரின் நிறமா, தாளின் பழுப்பா?

மைக்கோடு: 1909இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட, குறி சொல்லப் பயன்படும் 78 அட்டை டாரட் கட்டுக்குப் படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். வாங்க நினைப்பவர்கள் அதன் நூறாண்டு நிறைவுக்கு வந்த, மங்கிய நிற நூற்றாண்டுப் பதிப்பையே வாங்குங்கள். 1971 அமெரிக்கப் பதிப்பின் மஞ்சளும் நீலமும் கண்ணைக் குத்துகின்றன, கோடு அமுங்கிப்போகிறது.

கல்லச்சு: ஒப்புக்கொள்ள மாட்டேன். நூற்றாண்டுப் பதிப்பு பழைய கட்டு ஒன்றைப் பிரதியெடுத்தது. பழைய தாள் பழுப்பேறியிருக்கும், அந்தப் பழுப்பும் சேர்ந்தே அச்சாகிறது. பழுப்பின் மேல் நீல மை பச்சையாகத்தான் தெரியும். அதை ஓவியர் தீட்டிய நிறம் என்று எப்படிச் சொல்வது? மூல ஓவியங்களும் இன்று இல்லை.

மைக்கோடு: நிறத்தை விடுங்கள், கோட்டுக்கு வாருங்கள். பழைய பிரெஞ்சு டாரட்டான மார்செய் கட்டில் 'வாள் மூன்று' அட்டை என்றால் வெறும் மூன்று வாள், அவ்வளவுதான். ஸ்மித் இதயத்தில் மூன்று வாள்களைப் பாய்ச்சினார். ஒரு பார்வையில் துயரம் புரிகிறது. குறி கேட்காதவர்களும் இந்த அட்டைகளைத் தேடுவது இதற்காகத்தான்.

கல்லச்சு: அந்த இதயம் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் சோலா புஸ்கா கட்டிலேயே இருக்கிறது. அதன் புகைப்படங்கள் 1907 முதல் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தன. அந்தக் கட்டில் பத்து வாள்களைக் கட்டிச் சுமப்பவன்தான் ஸ்மித்திடம் பத்துக் கோல் சுமக்கிறான்.

மைக்கோடு: எடுத்தார், சரி. ஆனால் அங்கே இதயம் ஓர் அலங்காரத்தின் நடுவே கிடக்கிறது. பின்னணியில் மேகத்தையும் சாய்மழையையும் போட்டு அட்டை முழுவதையும் அழவைத்தவர் ஸ்மித்.

தாள்பித்து: காசு கொடுக்குமுன் இதையும் செய்யுங்கள். "1909 அசல்" என்று விற்பதை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாகக் கூடியிருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. புற ஊதா டார்ச்சில் தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் 1950க்குப் பிந்தைய தாள். ஒளிராததால் மட்டும் பழையது ஆகிவிடாது. மூலையில் பாம்பாக நெளியும் ஸ்மித்தின் கையெழுத்தையும் பாருங்கள், பிரதியின் பிரதியில் அதன் இடுக்குகள் மையால் அடைபட்டிருக்கும்.

கல்லச்சு: லேமினேட் செய்யவே கூடாது, பிறகு பிரிக்க முடியாது. பிவிசி உறையும் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை போதும். சட்டம் போட்டால் கண்ணாடிக்கும் அட்டைக்கும் நடுவே மவுண்ட் அட்டை (படம் தெரிய நடுவில் வெட்டிய தடித்த அட்டை) வையுங்கள். சென்னை ஈரப்பதத்தில் இடைவெளி இல்லாவிட்டால் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும்.

மைக்கோடு: பாதுகாப்பில் உங்களோடு சண்டையில்லை. சட்டத்துக்குள் எந்தப் பதிப்பு என்றால், எனக்கு மங்கியதுதான்.

கல்லச்சு: எனக்குப் பளிச்சென்றதுதான். 1909இல் கடையில் கட்டைப் பிரித்தவர் பழுப்பைப் பார்த்திருக்க மாட்டார்.