ஆர்மி ஜிப்சி தினசரி ஓட்ட: ஸ்டியரிங் டாம்பர் போதுமா, கிங் பின்னா?

புதுக்கை
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வீடியோவுல சொல்றாங்க: "ராணுவ ஏலத்துல வந்த மாருதி ஜிப்சிய மூணு லட்சத்துக்கு எடுங்க, புது ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங் உதறலை அடக்குற ஷாக் அப்சார்பர்) ஒண்ணு மாட்டுங்க, அவ்வளவுதான், தினமும் ஆபீசுக்கு ஓட்டலாம்." பாத்திருக்கிற வண்டி 2003 எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன் இன்ஜின்), சாஃப்ட் டாப். போக வர 45 கி.மீ., பாதி பைபாஸ். 65-க்கு மேல போனா முன்சக்கரம் ஆடுதுன்னு விக்கிறவரே சொல்றார். வாங்கலாமா?

பட்டைஸ்பிரிங்
அந்த வீடியோவ நானும் பாத்தேன். பத்து நிமிஷத்துல ஒரு தடவைகூட வண்டியை ஜாக்கியில தூக்கல. டாம்பர் ஆட்டத்தை நிறுத்தாது, மறைக்கும். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காம தெர்மாமீட்டரை உடைக்கிற வேலை.

65-ல ஆடுற ஜிப்சிக்கு முதல் சந்தேகம் கிங் பின் பேரிங், அதாவது முன்சக்கரம் இடது வலதா திரும்புற அச்சோட பேரிங். ஒரு பக்கத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ஆக மொத்தம் நாலு. முன்பக்கம் ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்து. டயரை மேலயும் கீழயும் பிடிச்சு உள்ள வெளிய தள்ளிப் பாரு. ஆட்டம் இருந்தா ஒரு ஆளை பிரேக் மிதிக்கச் சொல்லு. மிதிச்சதும் ஆட்டம் நின்னா வீல் பேரிங். மிதிச்ச பிறகும் ஆடினா கிங் பின். இதுக்கு காசு செலவே இல்ல.

நாலுசக்கரம்
பட்டை அண்ணே, மரியாதையோட சொல்றேனுங்க. சுசுகி கம்பெனிக்காரனே இதே குடும்பத்து சமுராய்க்கு டாம்பர் வெச்சுத்தான் வித்தான். அப்போ அவனும் தெர்மாமீட்டரை உடைச்சானுங்களா? பதினஞ்சு இருவது வருசம் ஆன டாம்பர்ல எண்ணெய் கசிஞ்சு காலியா இருக்கும். கையால அமுக்கினா எதிர்ப்பே இல்லாம போய் வரும். புதுசு போட்டா ஆட்டம் நிக்குதுங்க. பாத்தவங்க சொல்றாங்க.

பட்டைஸ்பிரிங்
நிக்கும். எத்தனை மாசத்துக்கு? அதைச் சொல்லுங்க.

ஹேர்பின்
டயரை யாருமே கேக்கலையே. ஏலத்து வண்டி மாசக்கணக்கா ஒரே இடத்துல நிக்கும். பழைய கிராஸ் பிளை டயர் நின்ன இடத்துல தட்டையாயிடும். மொதல்ல 205/70 ஆர் 15 ரேடியல் போட்டு பேலன்ஸ் பண்ணுங்க, அப்புறம் சண்டை போடுங்க.

நாலுசக்கரம்
அதுவும் சரிதானுங்க. டயரோட டாம்பரும்.

பட்டைஸ்பிரிங்
டயரோட *கிங் பின்னும்*. தம்பி புதுக்கை, கீழ எழுதுறதை பட்டறைக்காரர்கிட்ட அப்படியே காட்டுங்க.

சக்கரம், டிஸ்க், காலிப்பர் கழட்டணும். நக்கிள் (முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்புற பாகம்) உருண்டைக்குப் பின்னாடி வட்டமா இருக்கிற சீல் பிளேட்டைக் கழட்டணும். ரெண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற டை ராடைப் பிரிச்சு விடணும். அப்புறம் ஸ்பிரிங் தராசை டை ராடு மாட்டுற ஓட்டையில கொக்கி போட்டு இழுக்கணும். நக்கிள் நகர ஆரம்பிக்கிற இடத்துல 1 முதல் 1.8 கிலோ காட்டணும். அரை கிலோவுக்கே நகர்ந்தா லூஸ். அதுதான் உங்க 65 கி.மீ. ஆட்டம்.

லூஸா இருந்தா கிங் பின்னோட நாலு போல்ட்டைக் கழட்டி அடியில இருக்கிற ஷிம்மை (மெல்லிசு தகடு) குறைக்கிறதுதான் முறை. ஆனா அதுக்கு முன்னாடி பேரிங் கப்பை (ரோலர் உருளுற வெளி வளையம்) விரலால தடவிப் பாருங்க. வண்டி வாழ்நாள் பூரா நேராத்தான் ஓடுது. அதனால ரோலர் ஒரே இடத்துல உக்காந்து கோடு கோடா பள்ளம் போட்டிருக்கும். பள்ளம் இருக்கும்போது ஷிம்மை மட்டும் குறைச்சா, நேரா போறப்ப லூஸ், திருப்பினா டைட். கப்போட சேத்து நாலு பேரிங்கும் புதுசு, நக்கிள் சீல் புதுசு, உள்ள புது கிரீஸ். பழைய கிரீஸ் காபி கலர்ல வந்தா தண்ணி புகுந்திருக்குன்னு அர்த்தம். அப்படி வந்தா முன் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் கீழ விட்டுப் பாருங்க.

இத்தனையும் செஞ்ச பிறகு டாம்பரைக் கழட்டி வெச்சுட்டு 80 வரைக்கும் ஓட்டுங்க. ஆடலைன்னாத்தான் வண்டி சரியா இருக்கு.

நாலுசக்கரம்
டாம்பரைக் கழட்டிட்டு 80-ஆ? நல்ல ஆலோசனைங்க. ஆம்புலன்ஸ் நம்பரையும் சேத்துப் போட்டுருங்க.

ஜோங்கா வெறியன்
ஜிப்சி ஒரு பொம்மை வண்டி, அதுக்கு இவ்வளவு பேச்சு. ஆர்மி வண்டின்னா ஜோங்கா! ஜபல்பூர் தொழிற்சாலையில செஞ்சது, அடிப்படை நிசானோட பேட்ரோல் 60 ஜீப். 4 லிட்டர், ஆறு சிலிண்டர். கதவைச் சாத்தினாலே சத்தம் வேற மாதிரி இருக்கும்.

ஹேர்பின்
பெட்ரோல் பங்க்ல வர்ற சத்தமும் வேற மாதிரி இருக்கும் பாஸ். லிட்டருக்கு 5 வெச்சாலே 45 கி.மீ.க்கு 9 லிட்டர். லிட்டர் நூறு ரூபான்னு போட்டாலும் மாசம் 25 நாளைக்கு 22,500. ஜிப்சி 10 கொடுத்தா அதுல பாதி.

ஜோங்கா வெறியன்
டீசல் இன்ஜின் மாத்தின ஜோங்கா எவ்வளவோ ஓடுது. கணக்கு பாக்கிறவன் ஆல்டோ வாங்கட்டும்.

ஆர்டிஓ வாசல்
மாற்றிய இன்ஜின் எண்ணும் எரிபொருள் வகையும் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறாத வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் நாளில் பிரச்சினை, விபத்து நடந்தால் இன்சூரன்சில் அதைவிடப் பெரிய பிரச்சினை. தயாரிப்பாளரின் மூல வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இன்னொன்று. இப்படிப்பட்ட பழைய வண்டிகளைப் பலரும் 'விண்டேஜ்' என்கிறார்கள். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி விண்டேஜ் என்றால் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், எண்ணில் 'விஏ' வரும், பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. 2003 ஜிப்சி விண்டேஜே அல்ல. அது வெறும் பழைய வண்டி. எனவே முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று...

பட்டைஸ்பிரிங்
விண்டேஜோ வெண்டைக்காயோ, கிங் பின் தேஞ்சா ஆடும்.

நாலுசக்கரம்
டாம்பர் செத்தாலும் ஆடுமுங்க.

புதுக்கை
சார், பேப்பர் விஷயம் கொஞ்சம் விரிவா சொல்ல முடியுமா? விக்கிறவர் ஹரியானா ஆர்.சி. காட்டுறார்.

ஆர்டிஓ வாசல்
கழித்துவிடப்பட்ட ராணுவ வண்டியைச் சிவில் எண்ணில் முதல்முறை பதியும்போது, உரிய அதிகாரியின் மூல விற்பனைச் சான்று படிவம் 21-இல் வேண்டும். விதி 47-இலேயே அது இருக்கிறது. அந்தச் சான்றின் நகல், ஏல ஆவணம், ஆர்.சி. மூன்றிலும் சேஸ் எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். சேஸில் பொறித்த எண்ணைப் பென்சில் தேய்த்துத் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்போ கிரைண்டர் கீறலோ தெரிந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஹரியானா என்றால் கூடுதல் கவனம். மண்டி டப்வாலி பக்கம் கழித்த வண்டிகளின் பாகங்களைக் கோத்துப் புது ஜீப்பாகவே செய்துகொடுப்பார்கள். பாடி அழகாக இருக்கும். சேஸ் ஒரு வண்டி, பேப்பர் வேறு வண்டி என்று ஆகிவிடக் கூடாது. அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வராமல் முழுப் பணமும் கொடுக்காதீர்கள். 15 ஆண்டு முடிந்த வண்டி என்பதால் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள்.

வண்டி இன்னும் ராணுவப் பச்சையில் இருந்தால் மாற்றியாக வேண்டும். விதி 121: பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது.

ஜோங்கா வெறியன்
பச்சையை எடுத்துட்டா அது ஆர்மி வண்டியா? ரோட்டுல ஆயிரம் பச்சை ஜீப் ஓடுது, எவன் பிடிக்கிறான்?

ஆர்டிஓ வாசல்
பிடிக்கவில்லை என்பதும் அனுமதி என்பதும் ஒன்றல்ல.

ஜோங்கா வெறியன்
அடர் பச்சைன்னு ஆர்.சி.ல போட்டா முடிஞ்சது. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ஆர்டிஓ வாசல்
உங்கள் கண்ணுக்கு.

ஹேர்பின்
அடிச்சிக்கிறது டாம்பருக்கா பெயின்ட்டுக்கா? புதுக்கை, துருவைப் பாருங்க. சாஃப்ட் டாப்புல மழைத்தண்ணி உள்ள இறங்கி தரைத் தகடுல நிக்கும். மேட்டைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க. பின்பக்க ஷாக்கிள் (பட்டை ஸ்பிரிங்கை சேஸோட இணைக்கிற துண்டு) மாட்டுற இடத்துல சேஸை சுத்தியலால தட்டுங்க. கணீர்னு கேக்கணும், சொத்துனு கேட்டா உள்ள அரிச்சிருக்கு. விண்ட்ஷீல்டு ஃபிரேமோட அடி ஓரமும் முக்கியம்.

நாலுசக்கரம்
அதோட டிரான்ஸ்ஃபர் கேஸுங்க, நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி. ஜிப்சியில அது கியர்பாக்ஸோட ஒட்டி இருக்காது, தனியா மூணு ரப்பர் மவுன்ட்ல தொங்கும். நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட் இருக்கும். ரப்பர் கிழிஞ்சாலும் ஷாஃப்ட்டோட ஸ்ப்ளைன் (பல்வரிசை) தேஞ்சாலும் ஆக்சிலேட்டரை விட்டு மிதிக்கிறப்ப 'டக்'குனு அடிக்கும். பல பேர் இந்த அதிர்வத்தான் ஸ்டியரிங் ஆட்டம்னு நெனச்சு கிங் பின்னைப் பிரிச்சுட்டு உக்காந்திருக்காங்க. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லலீங்க.

பட்டைஸ்பிரிங்
யாரையும் குறிப்பிட்டுச் சொல்லாத நாலுசக்கரம் அவர்களே, போன வருஷம் கியர்பாக்ஸ்ல ஜிஎல்-5 ரக கியர் எண்ணெய் ஊத்தலாம்னு இங்க எழுதினது நீங்கதானே? அதுல இருக்கிற கந்தகச் சேர்மானம் கியர் சத்தமில்லாம விழ உதவுற பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும்னு அப்பவே சொன்னேன். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, 1.3 லிட்டர். டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8. ஜிஎல்-5 போக வேண்டிய இடம் டிஃபரன்ஷியல்: முன்னாடி 2, பின்னாடி 1.5. ஏலத்து வண்டியில நாலையும் முதல் நாளே மாத்தணும், எவன் எதை ஊத்தினான்னு தெரியாது. இதைக்கூட அன்னைக்கு ஒத்துக்கல நீங்க.

நாலுசக்கரம்
இப்ப வர்ற ஜிஎல்-5-ல பல பிராண்டு சின்க்ரோவுக்கு ஒண்ணும் பண்றதில்லீங்க. டப்பாவைத் திருப்பிப் படிச்சாத் தெரியும். அண்ணன் டப்பாவைத் திருப்பறதில்ல போல.

பட்டைஸ்பிரிங்
டப்பா எழுதினவன் உங்க கியர்பாக்ஸைப் பிரிக்க வரமாட்டான்.

விஷயத்துக்கு வர்றேன். சில பேர் வண்டியை உயர்த்திக் காட்ட நீளமான ஷாக்கிள் போட்டிருப்பாங்க. ஜிப்சியில முன் பட்டை ஸ்பிரிங்கோட ஷாக்கிள் முன்பக்கம் இருக்கு. அதை நீட்டினா பட்டையோட மூக்கு கீழ இறங்கும், அதோட ஆக்சிலும் சாயும், காஸ்டர் (கிங் பின் அச்சோட பின்சாய்வு) குறையும். காஸ்டர் குறைஞ்சா ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்பாது, 60-லயே உதற ஆரம்பிக்கும். பழைய நீளத்துக்கே மாத்துங்க, இல்ல பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு வெச்சு கோணத்தை மீட்டெடுங்க. டோ இன் (முன்சக்கரங்க முன்பக்கம் உள்ள சாஞ்சிருக்கிற அளவு) 2-லிருந்து 6 மி.மீ.க்குள்ள. இதுல எங்கயாவது டாம்பர் வந்துச்சா?

நாலுசக்கரம்
கடைசியில வருமுங்க. நம்ம ஊரு வேகத்தடையில ஒரு சக்கரம் ஏறி இறங்குறப்ப வர்ற உதையைத் தாங்க வேற என்ன இருக்கு? எல்லாத்தையும் சரி பண்ணிட்டு டாம்பர் இல்லாம ஓட்டினா அந்த உதை நேரா ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போகும். அதனாலதான் கம்பெனி வெச்சான்.

பட்டைஸ்பிரிங்
டாம்பர் வேண்டாம்னு நான் எங்க எழுதினேன்? வரியைக் காட்டுங்க. சோதிக்கக் கழட்டுன்னு சொன்னேன்.

நாலுசக்கரம்
"டாம்பர் ஆட்டத்தை நிறுத்தாது." மூணாவது வரி. உங்களோடதுதான்.

பட்டைஸ்பிரிங்
நிறுத்தாது. இன்னைக்கும் சொல்றேன், நிறுத்தாது. மறைக்கும்.

ஜோங்கா வெறியன்
ஜோங்காவுல டாம்பரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.

ஹேர்பின்
ஜோங்காவுல ஸ்டியரிங் திருப்ப ரெண்டு ஆள் வேணும், அதனால ஆடாது.

புதுக்கை
அண்ணன்மாரே, விக்கிறவர் நாளைக்குள்ள பதில் கேக்கிறார். வாங்கட்டுமா வேண்டாமா?

ஆர்டிஓ வாசல்
படிவம் 21 நகல் காட்டினாரா?

புதுக்கை
கேட்டேன் சார். "அதெல்லாம் எதுக்கு, புது டாம்பர் போட்டே தர்றேன்"ங்கறார்.

பட்டைஸ்பிரிங்
😂😂 நாலுசக்கரம், உங்க ஆள் கிடைச்சுட்டார்.

நாலுசக்கரம்
விக்கிறவனாவது டாம்பர் தர்றானுங்க. நீங்க தந்தது ஸ்பிரிங் தராசு.

பட்டைஸ்பிரிங்
1 முதல் 1.8 கிலோ. எழுதி வெச்சுக்கங்க, சீல் கழட்டின நிலையில. சீலோட அளந்துட்டு நாளைக்கு வந்து 3 கிலோ காட்டுது, பேரிங் டைட்டா இருக்குன்னு எழுதுவீங்க.