மணல்மூட்டையில் ஒட்டுகிறது, கையில் சிதறுகிறது: குழலின் நீளம் பார்ப்பதா, கனம் பார்ப்பதா?

புதுக்கை

வணக்கம். நான் .22 ரைஃபிளில் (குழல்துளை சுமார் 0.22 அங்குலம்) 50 மீட்டர் காகித இலக்கைச் சுடுபவன். பயிற்சிக்கு இரண்டு ரைஃபிள்கள் மாறிமாறிக் கிடைக்கின்றன. ஒன்றின் குழல் 660 மி.மீ. நீளம், ஆனால் ஒல்லி. விட்டம் 16 மி.மீ. மற்றதன் குழல் 420 மி.மீ. தான், விட்டம் 20 மி.மீ. இரண்டிலும் ஸ்கோப் கிடையாது. பின்னால் துளைக்குறி, குழல் நுனியில் முன்குறி. தோட்டாவும் ஒரே வகை.

மணல்மூட்டையில் சார்த்திச் சுட்டால் குட்டைக் குழல்தான் அழகாகப் போடுகிறது, துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எழுந்து நின்று சுட்டால் கதை மாறுகிறது. அதே குட்டைக் குழலில் துளைகள் இடமும் வலமுமாகப் பரவுகின்றன, நீளக் குழலில் ஓரளவு அடங்கி நிற்கின்றன. சொந்தமாக ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

நேர்கோடு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீளமானதை வாங்குங்கள். குண்டு குழலுக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேராகப் போகும்.

பட்டறைக்காரன்

நேர்கோடு சொல்வது பரவலாக நிலவும் நம்பிக்கை, ஆனால் உண்மை இல்லை. குண்டுக்குச் சுழற்சி தருவது குழலுக்குள் இருக்கும் வரிப்பள்ளங்கள். அந்த வேலைக்கு 420 மி.மீ. தாராளம். கூடுதல் நீளத்தால் வேகம் கூடுமா என்றால், .22-இல் அதுவும் இல்லை. தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து கொஞ்சம். சுமார் 400 மி.மீ. கடப்பதற்குள் அழுத்தம் பெரும்பாலும் வடிந்துவிடும். அதற்கு மேல் குழல் நீண்டால் உராய்வு சிறிது வேகத்தைத் தின்னவும் செய்யும்.

மணல்மூட்டையில் குட்டைக் குழல் ஜெயிப்பதற்குக் காரணம் விறைப்பு. மேசை விளிம்பில் ஸ்கேலை அழுத்திப் பிடித்து நுனியைச் சுண்டிப் பாருங்கள். வெளியே நீட்டியிருக்கும் பகுதி குறையக் குறைய ஆட்டம் அடங்கும். குழலும் ஒவ்வொரு வெடிக்கும் அப்படித்தான் அதிர்கிறது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், நீளத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும். நீங்கள் கொடுத்த அளவுகளை நேர் உருளையாக வைத்துக் கணக்கிட்டால், குட்டைக் குழல் ஒன்பது மடங்குக்கு மேல் விறைப்பு. குண்டு வெளியேறும் கணத்தில் குழல்வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தோட்டாவுக்குத் தோட்டா அதிகம் மாறாது. அதனால்தான் துளைகள் ஒட்டுகின்றன.

நேர்கோடு

அப்படியானால் தொலைதூரம் சுடுபவர்கள் ஏன் நீளக் குழலைத் தூக்கித் திரிகிறார்கள்?

பட்டறைக்காரன்

அவர்கள் சுடுவது பெரிய தோட்டா. மருந்து அதிகம் என்பதால் நீளம் கூடக்கூட வேகமும் கூடும். வேகம் கூடினால் 600 மீட்டரில் காற்று தள்ளுவது குறையும், குண்டு இறங்குவதும் குறையும். அது வேகத்தின் ஆதாயம். குழலின் துல்லியம் வேறு விஷயம். அந்தக் குழல்கள் தடியாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். விறைப்புக்காகவும், தொடர்ந்து சுடும்போது சீக்கிரம் சூடேறிக் குறி நகராமல் இருக்கவும்தான் அந்தத் தடிமன். .22-இல் சூடு ஒரு பொருட்டே அல்ல.

எட்டாம் தடம்

புதுக்கை கேட்டதில் பாதிக்குத்தான் பதில் வந்திருக்கிறது. நின்று சுடும்போது ஏன் தலைகீழாகிறது?

நண்பரே, அந்த இரண்டு குழல்களும் எடையில் ஏறத்தாழ ஒன்றுதான். உங்கள் அளவுகளின்படி எஃகின் எடை இரண்டிலும் 900 கிராமுக்குச் சற்று மேல் வரும். வேறுபாடு, அந்த எஃகு எங்கே இருக்கிறது என்பதில். நீளக் குழலில் அது முன்னால் பரவிக் கிடக்கிறது, குட்டைக் குழலில் மார்பருகே குவிந்திருக்கிறது. சேம்பர், அதாவது தோட்டா அமரும் அறை, இருக்கும் இடத்தை அச்சாகக் கொண்டால், குட்டைக் குழலைத் திருப்புவதற்கான எதிர்ப்பு மற்றதில் பாதிகூட இல்லை. மூச்சு, இதயத் துடிப்பு, விசையை அழுத்தும் விரலின் சிறு தள்ளல் எல்லாம் குழல்வாயை உடனே ஆட்டிவிடும். முன்கனம் உள்ள ரைஃபிளும் ஆடும், ஆனால் மெதுவாக ஆடும். விசையை அழுத்த அவகாசம் கிடைக்கும்.

முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். அது 560 மி.மீ. என்றால், முன்குறி 0.1 மி.மீ. விலகினாலே 50 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட 9 மி.மீ. தள்ளி விழும். 800 மி.மீ. என்றால் 6 மி.மீ.-க்குச் சற்று மேல். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தான். ஸ்கோப் பொருத்தினால் இந்தப் பிரச்சினை மறைந்துவிடும், ஆனால் 50 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை.

ஆகவே என் யோசனை: தடித்த குட்டைக் குழலையே வாங்குங்கள், நுனியில் நீட்டிக் குழாய் பொருத்தி முன்குறியை அதன் மேல் ஏற்றுங்கள். குண்டு அந்தக் குழாயைத் தொடாது. பார்வைத் தூரம் கூடும், முன்கனமும் கொஞ்சம் கிடைக்கும். போதாததற்கு எடைக்கட்டிகள் இருக்கின்றன. மொத்த எடை 8 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் ரைஃபிளுக்குப் போட்டி விதியின் வரம்பு அதுதான். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கு 5.5 கிலோ.

புதுக்கை

இருவருக்கும் நன்றி. குட்டைக் குழலின் நுனியில் எடைக்கட்டி ஒன்றை மாட்டிப் பார்த்தேன். இடவல ஆட்டம் கண்கூடாகக் குறைந்தது. ஆனால் குரூப், அதாவது துளைகளின் கூட்டம், முழுவதும் பழைய இடத்தை விட்டுக் கீழே இறங்கி விழுகிறது. மணல்மூட்டையிலும் அப்படியே. கட்டி தளர்ந்திருக்கிறதோ?

பட்டறைக்காரன்

தளர்ந்திருந்தால் குரூப் சிதறியிருக்கும், மொத்தமாக இடம்பெயர்ந்திருக்காது. குழலில் எடை ஏறினால் அதிர்வும் தொய்வும் மாறும், குறி நகர்வது இயல்பு. கட்டியின் இடத்தை முடிவு செய்து, திருகை இறுக்கி, பின்குறியைப் புதிதாகச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு கட்டியை அரை அங்குலம்கூட நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். குழலுக்கும் அதன் அடியில் இருக்கும் முன்கட்டைக்கும் நடுவே மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பின்னால் வரை இழுங்கள். எங்காவது சிக்கினால் கட்டை குழலை முட்டுகிறது என்று பொருள். பிடி மாறும்போதெல்லாம் குறியும் மாறும்.

எட்டாம் தடம்

குறி நகர்வதே தொல்லை என்றால் எடையைக் குழலில் மாட்டாமல் முன்கட்டையின் நுனியில் மாட்டுங்கள். முன்கனம் சற்றுக் குறைவாகக் கிடைக்கும், ஆனால் எடையைக் கூட்டினாலும் குறைத்தாலும் குழல் அதிர்வது மாறாது. கால் கிலோவில் தொடங்குங்கள். முதலிலேயே நிறைய ஏற்றினால் இடது தோள் சோர்ந்து, கடைசிச் சுற்றுகளில் ஆட்டம் வேறு வழியில் திரும்பி வரும்.