பின்வாசலில் ஒரு ராம்ப் போட்டால் போதுமா?

அட்மின்காரன்:
சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் எங்கள் நிறுவனத்துக்குப் புது வளாகம் கட்டுகிறார்கள். முன்வாசலில் ஆறு படி, மொத்தம் 90 செ.மீ. உயரம். முகப்பு கெட்டுவிடுமாம், அதனால் பின்னால் சரக்கு இறக்கும் இடத்தில் ஐந்து மீட்டர் நீளத்தில் ராம்ப் (சாய்தளம்) போடலாம், சட்டத்துக்கு அது போதும் என்கிறார் ஆர்க்கிடெக்ட். எனக்கு உறுத்துகிறது. போதுமா?

நாலுசக்கரம்:
போதாது. சரிவு அதிகபட்சம் 1:12, அதாவது 90 செ.மீ. ஏற 10.8 மீட்டர் வேண்டும், நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளம் தனி. ஐந்து மீட்டரில் போட்டால் அது சறுக்குமரம்தான். முன்பு ஓர் இடத்தில் நான்கு வருடம் சக்கர நாற்காலியில் பின்வாசல் வழியாகவே போனேன், குப்பை வண்டி நின்றால் அது நகரும்வரை காத்திருக்க வேண்டும், சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தால் மழையிலும் காத்திருக்க வேண்டும். அப்புறம் கழிப்பறை. கதவு வெளிப்பக்கம் திறக்கணும், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். அங்கே எனக்கென்று கட்டிய கழிப்பறையில் துடைப்பமும் வாளியும்தான் குடியிருந்தன.

வெண்கோல்:
என்னைப் போல் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டத் தரையில் பதிக்கும் மஞ்சள் டைல்ஸை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். கோடு என்றால் நட, புள்ளி என்றால் நில். நான் போன ஒரு வளாகத்தில் கோடு நேராகப் பூந்தொட்டியில் கொண்டுபோய் விட்டது! லிப்டில் வெறும் தொடுதிரை வைத்தால் எனக்கு அது சுவர்தான். பிரெய்ல் பொத்தானும் குரல் அறிவிப்பும் கேளுங்கள்.

செங்கல்:
நானும் ஆர்க்கிடெக்ட்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவைப் படிக்கச் சொல்லுங்கள்: மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான விதிப்படி இல்லாத கட்டடத் திட்டத்துக்கு அனுமதியே தரக்கூடாது. அந்த விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயத் தரங்கள் வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வெள்ளத்துக்குப் பயந்து அங்கே தளத்தை உயர்த்துவது நியாயம்தான். ஆனால் முன்னால் 18 மீட்டர் இடம் இருந்தால் மண்ணையே 1:20 சரிவில் ஏற்றிவிடலாம், படியே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே வாசல். தீப்பிடித்தால் லிப்ட் கிடையாது, மேல்மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவர் எங்கே காத்திருப்பார், யார் இறக்குவார் என்பதையும் இப்போதே கேளுங்கள்.

அட்மின்காரன்:
கேட்டிலிருந்து வாசல்வரை 22 மீட்டர் இருக்கிறது, இப்போதுதான் அளந்தேன். அஸ்திவார வேலையே முடியவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் வைக்கிறேன்.

நாலுசக்கரம்:
மீட்டிங்குக்குச் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரையும் கூட்டிப் போங்கள் சார்.